புல்லு மெசினுக்குப் பின்னால நடக்கிறது உடற்பயிற்சி இல்லை

இழை கொஞ்சம் நீளம். புல்லு வெட்டுற வேலை செய்யிறவை, அவையின்ர வீட்டுக்காரர், அவையை வைச்சு வேலை வாங்கிற முதலாளிமார், எல்லாரும் கடைசி வரைக்கும் வாசியுங்கோ. பிறகு ஏசலாம்.

போன கிழமை ஒரேயொரு வரி போட்டிருந்தேன். "முழுநேரமாகப் புல்லு வெட்டுறவர்கள், வயது நாற்பதைத் தாண்டினால், பின்னால் நடக்கிற மெசினை விட்டு ஏறி நிக்கிற மெசினுக்கு மாறுங்கோ." அவ்வளவுதான். கீழே வந்த கொமெண்டுகளைப் பாத்தால் நான் ஏதோ சமயம் மாறச் சொன்ன மாதிரி இருக்கு. "டொக்டரே சோம்பேறித்தனம் பழக்கிறா." "நடந்தால் சீனி குறையும், உங்களுக்குத் தெரியாதோ?" "டீலர் எவ்வளவு கொமிஷன் தந்தவன்?" ஒருத்தர் தன்ர அப்பா ஊரில 70 வயசு வரைக்கும் மண்வெட்டி பிடிச்சவர் எண்டு எழுதியிருந்தார்.

கொமிஷன் ஒரு சதமும் வரேல்ல. மண்வெட்டி பிடிச்ச அப்பாவுக்கு என் வணக்கம். ஆனால் இந்த "நடந்தால் நல்லது" என்ற கதையை இண்டைக்கு நான் விடப்போறதில்லை. ஏனெண்டால் அந்தக் கதையைச் சொல்லி ஒரு மனிசனின் கால்விரலை எடுக்க வைச்சதில எனக்கும் பங்கு இருக்கு.

முதலில், கனடாவுக்கு வெளியில இருந்து வாசிக்கிறவைக்கு. இங்க ஒன்ராறியோவில ஏப்ரல் கடைசியில தொடங்கி நவம்பர் முதல் கிழமை வரைக்கும் புல்லு. அதுக்குப் பிறகு ஸ்னோ. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ரன் பக்கம் எங்கட ஆக்கள் கனபேர் இந்த ரெண்டையும் தொழிலாச் செய்யினம். ஒரு பிக்கப் றக், அதுக்குப் பின்னால ட்றெயிலர், ட்றெயிலரில ரெண்டு மெசின், உதவிக்கு ஒரு மச்சான். அப்பிடித் தொடங்கி வீடு வாங்கி, பிள்ளையளைப் படிப்பிச்ச குடும்பங்கள் எனக்கே கனக்கத் தெரியும்.

மெசின் விசயம் இதுதான். வீட்டில வைச்சுத் தள்ளுற சின்ன மெசின் இல்லை. தொழிலுக்கு வைச்சிருக்கிறது பெரிசு. வெட்டுற தட்டு 32, 36, 48 அங்குல அகலத்தில வரும். வோக்-பிஹைண்ட் எண்டால் அது தானா ஓடும், நீங்கள் கைபிடியைப் பிடிச்சுக்கொண்டு பின்னால நடப்பீங்கள். ஸ்டாண்ட்-ஒன் எண்டால் அதே அகலத் தட்டு, பின்பக்கம் ஒரு சின்னப் பலகை, அதில ஏறி நிண்டு இடுப்பளவு உயரத்தில இருக்கிற நெம்பைப் பிடிச்சு ஓட்டுவீங்கள். இருந்து ஓட்டுற மெசினும் இருக்கு. அது எங்கட சனம் வெட்டுற வீட்டு வளவுகளுக்கு, பின்பக்கப் படலைக்குள்ளால போகாது. ட்றெயிலரிலயும் இடம் பிடிக்கும். அதை இண்டைக்கு விடுவம்.

இனி அந்த அண்ணையின்ர கதை. விவரங்களைக் கொஞ்சம் மாத்தியிருக்கிறேன். எழுதலாமோ எண்டு அவரிட்டயும் கேட்டனான். "எழுதுங்கோ பிள்ளை, பேர் போடாதேங்கோ" எண்டார்.

ஐம்பது தாண்டினவர். சீனி வருத்தம் பன்னிரண்டு வருசமா. குளிசை ஒழுங்கா எடுப்பார், சோறு குறைக்க மாட்டார், எங்கட ஆக்களில பாதிப்பேர் மாதிரி. ஒவ்வொரு தரமும் வரேக்க நான் சொல்லுற பாட்டு ஒண்டுதான்: "அண்ணை, நடவுங்கோ. நடந்தால் சீனி இறங்கும்." அவரும் தலையாட்டுவார். வேலை என்ன எண்டு பைலில "லாண்ட்ஸ்கேப்பிங்" எண்டு எழுதியிருக்கு. அந்தச் சொல்லைப் பாத்துப்போட்டு நான் வேற ஒண்டும் கேக்கேல்ல. எத்தினை மணித்தியாலம், என்ன மெசின், என்ன சப்பாத்து, ஒண்டுமே கேக்கேல்ல. பூக்கண்டு நடுறவரோ, கல்லுப் பதிக்கிறவரோ எண்டு கூட எனக்குத் தெரியாது.

ஒரு வசந்த காலத்தில அவரின்ர பழைய வோக்-பிஹைண்ட் பழுதாப் போச்சு. ஸ்டாண்ட்-ஒன் வாங்குவமோ எண்டு யோசிச்சிருக்கிறார். மகன் சொல்லியிருக்கிறான், வாங்குங்கோ எண்டு. மனிசி சொல்லியிருக்கிறா: "அது கன காசு. அதோட டொக்டர் நடக்கச் சொன்னவா எல்லோ? நடக்கிற மெசினையே வாங்குங்கோ, சீனிக்கும் நல்லது." நியாயமான பேச்சு. புது வோக்-பிஹைண்ட் வந்தது.

ரெண்டாவது கோடையில, ஆவணி மாதம், வலது காலில ரெண்டாவது விரலுக்குக் கீழ ஒரு கொப்புளம். காலமைப் பனியில நனைஞ்ச புல்லு, நனைஞ்ச சப்பாத்து, நனைஞ்ச மேஸ், அதோட நாள் முழுக்க நடை. அவருக்கு நோகேல்ல. நரம்பு ஏற்கெனவே செத்துப்போய்க் கிடந்தது. நோகாத காலில வந்த கொப்புளத்தை ஆரும் குனிஞ்சு பாக்கிறேல்ல. மேஸில ஈரம் பிடிச்சு மணக்கத் தொடங்கினாப் பிறகுதான் மனிசி கண்டவா. அப்ப எலும்புக்குள்ள கிருமி போயிட்டுது. விரலை எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியால வந்து என்ர கிளினிக்கில இருந்துகொண்டு அவர் கோபமாக் கேக்கேல்ல. சும்மா, சந்தேகம் கேக்கிற மாதிரித்தான் கேட்டவர்: "பிள்ளை, நீங்கதானே நடக்கச் சொன்னனீங்கள்?"

அண்டைக்கு ராத்திரி நான் ஒரு கணக்குப் போட்டுப் பாத்தன். அதை முதலே போட்டிருக்க வேணும்.

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. 36 அங்குலத் தட்டு, ஒவ்வொரு வரியும் முந்தின வரியில 3 அங்குலம் ஏறித்தான் வெட்டும். அப்ப உண்மையான அகலம் 33 அங்குலம். வகுத்துப் பாத்தால் ஒரு ஏக்கருக்கு 15,840 அடி. சரியாக மூன்று மைல், அதாவது 4.8 கிலோமீட்டர். திரும்பிற இடங்கள், ட்றெயிலருக்குப் போய் வாறது, மூலை வெட்டுறதுக்கு நடக்கிறது ஒண்டும் இதில சேராது. ஒரு நாளைக்கு நாலு ஏக்கர் எண்டு வையுங்கோ: 19 கிலோமீட்டர். கிழமையில அஞ்சு நாள், 26 கிழமை: 2,500 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். ஒவ்வொரு கோடைக்கும் அந்த மனிசன் யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்புக்கு நடந்து போய் நடந்து வந்திருக்கிறார், மூண்டு தரம். ஈரச் சப்பாத்தோட. ஒரு எஞ்சினைப் பிடிச்சுக்கொண்டு. அவருக்குத்தான் நான் "நடவுங்கோ அண்ணை" எண்டு சொல்லிக்கொண்டு இருந்தனான்.

கனடாவில நீரிழிவு உள்ளவர்களுக்குச் சொல்லப்படுகிற அளவு கிழமைக்கு 150 நிமிட உடற்பயிற்சி. இந்த அண்ணைக்கு அது திங்கட்கிழமை மத்தியானத்துக்கிடையில முடிஞ்சுபோம். மிச்சம் நாலரை நாளும் என்ன? மருந்து அளவு மீறினால் என்ன நடக்குமோ அதுதான்.

"எப்பிடி எண்டாலும் நடை நடைதானே" எண்டு கேட்டவைக்கு. இல்லை. பின்னேரம் பூங்காவில நடக்கிறவர் தன்ர வேகத்தில நடப்பார், களைச்சால் வாங்கில இருப்பார், வெயில் எண்டால் வீட்டுக்குப் போவார், நல்ல சப்பாத்துப் போட்டிருப்பார், கையை வீசிக்கொண்டு போவார். மெசினுக்குப் பின்னால நடக்கிறவரின்ர வேகத்தை மெசின் தீர்மானிக்கும். கை ரெண்டும் பூட்டின மாதிரி. தோள் இறுகியிருக்கும். ஒவ்வொரு வரி முடிவிலயும் பல நூறு இறாத்தல் இரும்பைத் திருப்ப வேணும். பழைய பெல்ட் மெசினெண்டால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் கைப்பிடியை இறுக்கி நசுக்க வேணும்; ஒரு நாளைக்கு எத்தினை நூறு தரம் எண்டு எண்ணிப் பாருங்கோ. வெயில் 32 பாகை எண்டாலும் வாடிக்கையாளருக்கு வெள்ளிக்கிழமைக்கு முதல் புல்லு வெட்டியிருக்க வேணும்.

இதை நான் மட்டும் சொல்லேல்ல. டென்மார்க்கில கோப்பன்ஹேகனில பெருந்தொகையான மக்களைப் பல வருசம் பின்தொடர்ந்து செய்த ஆய்வில, ஓய்வு நேரத்தில உடம்பை அசைக்கிறவர்களுக்கு இதய நோயும் மரணமும் குறைவாகவும், வேலையில கடுமையா உடம்பை அசைக்கிறவர்களுக்கு அது கூடவாகவும் இருந்தது. ஏன் எண்டதில ஆய்வாளர்களுக்கிடையில இன்னும் வாக்குவாதம் இருக்கு. வறுமை, புகைத்தல், தூக்கம் எல்லாம் இதுக்குள்ள கலந்து கிடக்கு எண்டு சொல்லுறவையும் இருக்கினம், அவையைத் தள்ளிவிடேலாது. ஆனால் "வேலையில நடக்கிறன், எனக்கு வேற எக்சசைஸ் தேவையில்லை" எண்டு நெஞ்சை நிமிர்த்திறதுக்கு ஆதாரம் இல்லை. அதுதான் எனக்கு இங்க வேணும்.

எங்கட ஆக்களுக்கு இதில ஒரு தனிக் கெட்டகாலமும் இருக்கு. தெற்காசியருக்கு நீரிழிவு மற்றவர்களை விட முந்தி வரும், மெல்லிய உடம்பிலயும் வரும். 25 வயசில மெசின் பிடிச்சவருக்கு 45 வயசில சீனி இருக்கிறது அதிசயமில்லை. தொழில் அதே தொழில், மெசின் அதே மெசின். ஆனால் கால் அதே கால் இல்லை.

சரி, கை. இதை ஆரும் கதைக்கிறேல்ல.

இரவில விரல் விறைச்சு முழிப்பு வருதோ? குளிருக்குள்ள விரல் நுனி வெள்ளைக் கடதாசி மாதிரி வெளுக்குதோ? அது "இரத்த ஓட்டம் குறைவு, இஞ்சித் தண்ணி குடி" எண்டு போற விசயம் இல்லை. 1918-இல் அலிஸ் ஹமில்ட்டன் என்ற மருத்துவர் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், பெட்போர்ட் என்ற ஊரில், காற்றழுத்தச் சுத்தியலால் சுண்ணக்கல் செதுக்கினவர்களின் வெளுத்த விரல்களைப் பாத்து எழுதி வைச்சிட்டுப் போனவர். நூறு வருசம் கடந்துட்டுது. அதிர்கிற பிடியை மணித்தியாலக் கணக்கில பிடிச்சால் விரலின்ர சின்ன இரத்தக் குழாயும் நரம்பும் கெடும். கண்டபிறகு அதிர்வைக் குறைச்சால் கொஞ்சம் திரும்பும், விட்டால் திரும்பாது. புகைத்தால் இன்னும் மோசம். கல்லுச் சுத்தியல் அளவு புல்லு மெசின் அதிராது எண்டது உண்மை. ஆனால் கையில மெசின் இருக்கிற நேரத்தையும் சேர்த்துப் பாருங்கோ. ஐரோப்பாவில 2002-இல் வந்த சட்டத்தில எட்டு மணித்தியாலச் சராசரிக்கு 2.5 எண்ட அளவைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேணும், 5-ஐத் தாண்டவே கூடாது எண்டு எழுதி வைச்சிருக்கு. சராசரி எண்டதைக் கவனியுங்கோ. எவ்வளவு அதிருது எண்டது பாதி, எவ்வளவு நேரம் எண்டது பாதி.

கோடை முழுக்க புல்லு மெசின், அதோட விளிம்பு வெட்டுற மெசின், இலை ஊதுற மெசின். மாரியில ஸ்னோ ஊதுற மெசின், அதுவும் குளிருக்குள்ள. எங்கட பெடியளின்ர விரலுக்கு வருசத்தில ஒரு மாதம் கூட ஓய்வில்லை.

இனி, நிக்கிற மெசினை நான் ஏதோ கோயில் தேர் மாதிரிக் கும்பிடுறன் எண்டு நினைச்சவைக்கு. அதிலயும் குறை இருக்கு. டீலர் சொல்ல மாட்டார், நான் சொல்லுறன்.

அதிர்வு இப்ப கையால மட்டும் வராது, காலால வரும். இங்கயே, வட ஒன்ராறியோச் சுரங்கங்களில, அதிர்கிற மேடையில நிண்டு துளை போடுற தொழிலாளருக்குக் கால்விரல் வெளுக்கிறதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கினம். சுரங்கமும் புல்லும் ஒண்டில்லை. ஆனால் கால் பலகைக்குக் கீழ ஸ்பிரிங்கோ ரப்பரோ இல்லாத மெசினில நாள் முழுக்க நிக்கிறவர் அதை ஞாபகம் வைச்சிருக்க வேணும். முழங்காலைப் பூட்டி விறைச்சுக்கொண்டு நிண்டால் ஒவ்வொரு குழியும் நேர நாரிக்கு வரும். கொஞ்சம் மடிச்சு நிண்டால் முழங்காலும் தொடையும் அதைப் பாதியில பிடிச்சுப்போடும். பஸ்ஸில நிண்டு பழகின ஆக்களுக்கு இது படிப்பிக்கத் தேவையில்லை.

சரிவு இன்னொண்டு. பெரும்பாலான உற்பத்தியாளர் கையேடுகள் 15 பாகைக்கு மேல வேண்டாம் எண்டுதான் சொல்லும். மழைநீர்க் குளத்துக் கரை, நெடுஞ்சாலைப் பக்கக் காண், மதில் விளிம்பு: இந்த இடங்களில நிக்கிற மெசின் சறுக்கினால் உங்களையும் கொண்டுதான் போகும். பின்பக்கமாக் குதிச்சு இறங்கலாம் எண்டது இருந்து ஓட்டுற மெசினை விட நல்லதுதான். அதுக்காகச் சரிவில போய்க் குதிச்சுப் பழகாதேங்கோ. அந்த இடங்களுக்கு நடக்கிற மெசின் வேணும். இன்னும் செங்குத்தான இடத்துக்கு மெசினே வேண்டாம், கையால வெட்டுறதுதான். பழைய வோக்-பிஹைண்டை வித்துப்போடாதேங்கோ எண்டு நான் சொல்லுறது இதுக்குத்தான். ட்றெயிலரில ஒரு மூலையில நிக்கட்டும்.

மூண்டாவது, கால் விறைச்சவர். பாதத்தில உணர்ச்சியே இல்லாதவருக்குப் பலகையின்ர விளிம்பு எங்க எண்டு தெரியாது. இன்சுலின் எடுக்கிறவருக்கு மெசினில நிக்கேக்க சீனி இறங்கினால் அது வேற ஆபத்து. ஆனபடியால் சீனிக்காரர் எல்லாரும் நாளைக்கே ஏறி நில்லுங்கோ எண்டு நான் சொல்லேல்ல. முதலில காலைக் காட்டுங்கோ. ஒரு நைலோன் இழையால பாதத்தில பத்து இடம் தொட்டுப் பாப்பம், ரெண்டு நிமிச வேலை. அதில தோத்தவருக்கு நான் மெசின் மாத்தச் சொல்ல மாட்டன், வேலையை மாத்தச் சொல்லுவன்.

இவ்வளவையும் கூட்டிக் கழிச்சாலும் என்ர முடிவு மாறேல்ல. திறந்த, சமமான வளவு, ஒரு நாளைக்கு ரெண்டு ஏக்கருக்கு மேல எண்டால் நடக்கிற மெசின் உடம்பைத் தின்னும். நிக்கிற மெசினில 19 கிலோமீட்டரை உங்கட குதிக்காலும் முழங்காலும் நடக்காது. களைச்சால் பாரத்தை மற்றக் காலுக்கு மாத்தலாம். குப்பை கிடந்தால் இறங்கி எடுக்கலாம். முன்னுக்கு என்ன கிடக்கு எண்டு உயரத்தில நிண்டு பாக்கலாம். பிளேட்டின்ர நுனி வேகத்துக்கு அமெரிக்கத் தர அளவு வைச்சிருக்கிற எல்லையே நிமிடத்துக்கு 19,000 அடி, கணக்குப் பாத்தால் மணிக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். அந்த வேகத்தில ஒரு கல்லு கிளம்பினால் ஆற்ற கண்ணில போய் நிக்கும் எண்டு சொல்லேலாது. முதலே கண்டால் நல்லது.

ஏறி நிக்கிறது சோம்பேறிகளுக்கு எண்டு எழுதின தம்பிக்கு ஒரு சின்னச் சரித்திரம். நடக்கிற மெசினுக்குப் பின்னால கொழுவிற சின்னச் சில்லுப் பலகை இருக்கெல்லோ, சல்கி எண்டு சொல்லுறது, அதைப் பிரபலமாக்கினதும், பிறகு நிக்கிற மெசினைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் மேரிலண்ட் மாநிலத்தில புல்லு வெட்டுற தொழில் நடத்தின பில் ரைட் எண்டவர். தானும் தன்ர ஆக்களும் வெட்டிப் பாத்துச் செய்த சாமான். கதிரையில இருந்த எஞ்சினியர் கனவு கண்டது இல்லை.

இனித்தான் உண்மையான சண்டை. முதலாளிமார், கொஞ்சம் கிட்ட வாங்கோ.

இந்த வசந்தத்தில 27 வயசுப் பெடியன் ஒருத்தன் வந்தவன். ரெண்டு கையும் இரவில விறைக்குது. அவன்ர முதலாளி போன வருசம் நடக்கிற மெசினை எல்லாம் மாத்தி நிக்கிற மெசின் எடுத்தவர். நான் சந்தோசப்பட்டு, "நல்ல மனிசன் போல" எண்டன். பெடியன் சிரிச்சான். முந்தி ஒரு நாளைக்கு 14 வீடு, இப்ப 21 வீடு. மணித்தியாலம் அதே மணித்தியாலம். சம்பளமும் அதே சம்பளம்.

விளங்குதோ? மெசின் ரெண்டு, ரெண்டரை மணித்தியாலத்தை மிச்சம் பிடிச்சுக் குடுத்தது. அந்த நேரம் பெடியன்ர கைக்குப் போகேல்ல. கைக்கு அதிர்வு குறையேல்ல, கூடினது. ஏனெண்டால் முந்தி நடந்து களைச்சு ஒரு மரத்துக்குக் கீழ நிண்டு தண்ணி குடிச்ச பத்து நிமிசமும் இப்ப இல்லை. காதும் அதே கதைதான். ஒன்ராறியோச் சட்டப்படி எட்டு மணித்தியாலத்துக்கு 85 டெசிபெல்தான் எல்லை. 3 டெசிபெல் கூடக் கூட நேரம் பாதியாகும். 91 டெசிபெல் மெசினெண்டால் காதுக்குப் பாதுகாப்பில்லாமல் ரெண்டு மணித்தியாலத்தோட கணக்கு முடிஞ்சுது. காதில பாட்டுக் கேக்கிற சின்னப் பஞ்சு காதுக்காப்பு இல்லை, பெடியள்.

முதலாளிமார் ஒரு பதில் வைச்சிருப்பினம், எனக்குத் தெரியும். "டொக்டர், மெசின் காசு ஆர் கட்டிறது? நடக்கிற மெசினை விடப் பல ஆயிரம் டொலர் கூட. கூட வீடு எடுக்காமல் எப்பிடிக் கட்டிறது?" நியாயம்தான். எடுங்கோ, மூண்டு நாலு வீடு கூட எடுங்கோ. ஏழு வேண்டாம். மிச்ச நேரத்தில ஒரு மணித்தியாலத்தைப் பெடியளுக்கு விடுங்கோ. மெசினை ரெண்டு பேர் மாறி மாறி ஓட்டட்டும், ஒராள் விளிம்பு வெட்டேக்க மற்றவர் நிக்கிற மெசின். சீசன் நடுவில, ஆடி மாதத்தில, நாரி பிடிச்சு ஆள் வராமல் நிண்டால் என்ன நட்டம் எண்டு என்னை விட உங்களுக்குத் தெரியும்.

தனி ஆளா, தன்ர பேரிலயே தொழில் செய்யிற அண்ணைமாருக்கு இன்னும் ஒண்டு. வேலையாள் வைச்சிருந்தால் அந்த ஆளுக்கு டபிள்யூ.எஸ்.ஐ.பி. காப்பு இருக்கும். புல்லு மட்டும் வெட்டுற தனி ஆளுக்கு அது தானா வராது. நீங்கள் விரும்பி விண்ணப்பிச்சுக் காசு கட்டினால்தான் உண்டு. நான் கேட்ட அளவில கட்டிறவை மிகக் குறைவு. அந்த விரல் போன அண்ணையும் கட்டேல்ல. ஆறு கிழமை வருமானம் இல்லை, சீசன் நடுவில. அவர் மிச்சம் பிடிச்ச மெசின் காசு அதில எப்பவோ போயிட்டுது.

வீட்டுக்காரருக்கும் சொல்ல இருக்கு, என்னையும் சேர்த்துத்தான். ஒரு வெட்டுக்கு அஞ்சு டொலர் குறைக்கச் சொல்லித் தமிழனோட தமிழிலயே பேரம் பேசுறம். பக்கத்து வீட்டுக்கு வேற ஆள் குறைச்சு வெட்டுறான் எண்டு சொல்லுறம். கொண்டோ போர்ட்டில இருக்கிறவை ஆகக் குறைஞ்ச கொட்டேசனைத்தான் எடுக்கினம். அந்த அஞ்சு டொலர் எங்கயிருந்து வரும் எண்டு நினைக்கிறியள்? மழை பெய்த அடுத்த நாளே "ஏன் இன்னும் வெட்டேல்ல" எண்டு ரெக்ஸ்ட் அடிக்காதேங்கோ. ஈரப் புல்லில மெசின் சறுக்கும், கால் ஊறும். ரெண்டு நாள் உயரமா நிண்டால் புல்லு செத்துப்போகாது.

நிக்கிற மெசினுக்குக் காசில்லை எண்டு இன்பொக்ஸில எழுதினவைக்கு. ஒளிக்காமல் சொல்லுறன், சல்கி நல்ல இடைவழி. ஏற்கெனவே இருக்கிற மெசினில கொழுவலாம், நடை பெருமளவு குறையும். பின்னுக்கு எடுக்கேக்க மடிஞ்சு கணுக்காலில அடிக்கும், அதைக் கவனியுங்கோ. பெரும்பாலும் ஸ்பிரிங் இருக்காது, குழிவளவில நாரிக்குக் கூடாது. அதுவும் இல்லையெண்டால் 36-ஐ விட்டு 48 அங்குலத் தட்டு எடுத்தால் திறந்த வளவில நடை கால்வாசிக்கு மேல குறையும். படலை அகலத்தை மட்டும் முதலே அளந்துகொள்ளுங்கோ. ரெண்டு சோடி சப்பாத்து வையுங்கோ, மத்தியானம் மாத்துங்கோ. மேஸ் நாலு சோடி றக்கில கிடக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் குளிக்க முதல் பாதத்தை வெளிச்சத்தில திருப்பிப் பாருங்கோ. குனியேலாட்டி மனிசியிட்டக் காட்டுங்கோ, இல்லாட்டிப் போனில படம் எடுத்துப் பாருங்கோ.

பழைய ஸ்டாண்ட்-ஒன் வாங்கப் போறவை பலகைக்குக் கீழ இருக்கிற ரப்பரை முதலில பாருங்கோ. அது இறுகிச் செத்திருந்தால் விலையில குறைச்சு, புதுசு போடுங்கோ. டீலரிட்டப் புதுசு பாக்கிறவை கடை வாசலில இருக்கிற கொங்கிறீற்றில ஓட்டிப்பாத்து ஏமாறாதேங்கோ. ஒரு நாளைக்குத் தாங்கோ எண்டு கேட்டு, உங்களிட்ட இருக்கிறதிலயே ஆக மோசமான வளவுக்குக் கொண்டுபோய் ரெண்டு மணித்தியாலம் நிண்டு பாருங்கோ. உயரம் குறைஞ்சவை நெம்பு நெஞ்சுக்கு வருதோ இடுப்புக்கு வருதோ எண்டு பாருங்கோ. நெஞ்சுக்கு வந்தால் தோள் பிடிக்கும்.

அந்த அண்ணை இப்ப ஸ்டாண்ட்-ஒன் வைச்சிருக்கிறார், ஆனால் கூட ஓட்டிறது மகன். அவர் றக் ஓட்டுவார், வாடிக்கையாளரோட கதைப்பார். போன கிழமை வந்தவர். மூண்டு மாதச் சீனி முந்தியை விடக் கொஞ்சம் நல்லம். பின்னேரத்தில மனிசியோட அரை மணித்தியாலம் நடக்கிறாராம், புதுச் சப்பாத்தோட. அடுத்த முறை கால் பாக்க வாறது கார்த்திகையில, ஸ்னோ தொடங்க முதல். மற்ற அண்ணைமாரும் அந்த மாதத்திலயே ஒரு நேரம் எடுங்கோ. வேலை என்ன எண்டு நான் கேக்க மறந்தால் நீங்களாச் சொல்லுங்கோ: எத்தினை ஏக்கர், எந்த மெசின், எத்தினை மணித்தியாலம்.